உமிச் சாம்பலில் ஒரு விமானம்

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரியின் மெக்கானிக்கல் துறை ஆய்வுக் கட்டுரை எதை எடுத்தாலும் கடைசி வரியில் ஒரு விமானம் வந்து நிற்கும். அலுமினியத்தில் நெல் உமிச் சாம்பலைக் கலந்தார்கள், கடினத்தன்மை கொஞ்சம் ஏறியது, ஆகையால் இப்பொருள் விமானத் துறைக்கும் வாகனத் துறைக்கும் மிகவும் ஏற்றது. தேங்காய்ச் சிரட்டைச் சாம்பலைக் கலந்தார்கள், விமானம். முட்டை ஓட்டைப் பொடித்துப் போட்டார்கள், அதுவும் விமானம். கரும்புச் சக்கை, அனல்மின் நிலையச் சாம்பல், எதுவும் வீணாகவில்லை. வாழைநாரையும் கற்றாழைநாரையும் எபாக்சியில் ஊறவைத்தவர்கள் மட்டும் கொஞ்சம் அடக்கமானவர்கள், கார்க் கதவின் உட்பலகையோடு நிறுத்திக்கொள்வார்கள். இவர்களை நம்பி யாராவது ஒரு விமானத்தைச் செய்திருந்தால் நம் பஞ்சாயத்துக் குப்பைக்கிடங்கு இந்நேரம் முப்பதாயிரம் அடி உயரத்தில் போய்க்கொண்டிருக்கும். பயணிகள் புண்ணியம் செய்தவர்கள். விமானம் செய்கிறவன் எவனும் இந்தக் கட்டுரைகளைத் தேடிப் படிப்பதில்லை.

அந்த அறிவியலில் குற்றமில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். உருகிய அலுமினியத்தில் பீங்கான் துகளைச் சேர்த்தால் எடை ஏறாமல் தேய்மானம் குறையும் என்பது மெய். அதை உலகுக்குச் செய்து காட்டியதில் இந்தியாவுக்கு நேரடிப் பங்கு உண்டு. 1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் அலுமினியத்துக்குள் கிராஃபைட்டைக் கலந்து காட்டிய பிரதீப் ரோஹத்கி, பிறகு பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கு வந்தார்; திருவனந்தபுரம், போபால் ஆய்வகங்களில் அந்த வேலையை வளர்த்தார். 1981இல் அவரும் எம்.கே.சுரப்பாவும் எழுதிய கட்டுரையை இன்றைக்கும் எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். 1983இல் டொயோட்டா தன் டீசல் எஞ்சின் பிஸ்டனில் வளையம் உட்காரும் பள்ளம் தேயாமல் இருக்கப் பீங்கான் இழை வைத்து வார்த்தது. பள்ளம் தேய்ந்தது, அதனால் ஆராய்ச்சி நடந்தது. நம்மிடம் எந்தப் பள்ளமும் தேயவில்லை.

அந்தச் சுரப்பாதான் 2018 முதல் 2021 வரை அண்ணா பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். நகல் எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு நடுவில் அசல் ஆளே வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அந்த மூன்று ஆண்டுகளில் தமிழ்நாடு அவரை வைத்துப் போட்ட சண்டைகள் எத்தனை! அவற்றில் ஒன்றிலாவது அலுமினியம் வந்ததா?

சரி, நம்மூர்ச் செய்முறைக்கு வருவோம். கல்லூரியில் உலை இருக்கும். ஆய்வுக்குழு வருகிற நாளில் அதைத் துடைத்து, பக்கத்தில் ஒரு பூந்தொட்டி வைப்பார்கள். உருக்குவதெல்லாம் வெளியே, தொழிற்பேட்டையில் தகரக் கொட்டகை போட்டிருக்கும் ஒருவரிடம். ஸ்காலர்கள் எல்லாருக்கும் அவர் எண் தெரியும். எழுநூற்றைம்பது டிகிரியில் அலுமினியத்தை உருக்கி, பொடி மேலே மிதந்துவிடாமல் இருக்க ஒரு துளி மக்னீசியம் போட்டு, கலக்கியை இறக்கிப் பத்து நிமிடம் சுழலவிட்டு, அச்சில் ஊற்றி, ஆறியதும் பழைய செய்தித்தாளில் சுற்றிக் கையில் கொடுத்துவிடுவார். ‘எத்தனை பர்சென்ட் சார்?’ என்று மட்டும் கேட்பார். மூன்று, ஆறு, ஒன்பது, பன்னிரண்டு. நாட்டில் வேறு சதவீதங்கள் இருப்பது யாருக்கும் நினைவில்லை. கொட்டகைக்காரர் இதுவரை கலக்கியவற்றுக்கெல்லாம் பட்டம் கொடுப்பதாக இருந்தால் அவருக்கு நூறு முனைவர் பட்டம் சேரும். அவரோ ஐடிஐ ஃபிட்டர். அவர் பெயர் நன்றியுரையில்கூட வராது; அங்கே தாளாளரும் தாளாளரின் துணைவியாரும் இருப்பார்கள்.

இப்படியாவது உருக்குகிறவர்களைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் உத்தமர்கள். சொந்தக் காசில் பஸ் ஏறிப் போய், வார்த்த கம்பியைக் கடைந்து, இழுத்து முறித்து, முறிந்த துண்டை மணிக்கணக்கு வாடகைக்கு மைக்ராஸ்கோப் பார்க்கிற இடத்துக்கு எடுத்துப் போகிறார்கள். அந்த அரைக்கிலோ உலோகத்திலிருந்து கடினத்தன்மைக்கு ஒரு பேப்பர், தேய்மானத்துக்கு ஒன்று, அரிப்புக்கு ஒன்று, துளையிடுவதற்கு ஒன்று, இவை எல்லாவற்றையும் நியூரல் நெட்வொர்க் முன்கூட்டியே சொல்லிவிட்டது என்று ஐந்தாவதாக ஒன்று வெளிவரும். ஒரே மாவில் இட்லி, தோசை, ஊத்தப்பம், பணியாரம் சுடுகிற சாமர்த்தியம்தான், போகட்டும். மாவாவது உண்மையாக அரைத்தது.

என் ஆத்திரமெல்லாம் மாவே அரைக்காமல் பணியாரம் பரிமாறுகிறவர்கள் மேல். அதற்கு அவர்கள் கையில் ஒரு நல்ல கருவி மாட்டிக்கொண்டது, பாவம் அந்தக் கருவி. 1947இல் கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைச் சேர்ந்த சி.ஆர்.ராவ் ‘செங்குத்து அணி’ என்ற கணக்கை வகுத்தார். 1954-55இல் ஜப்பானிலிருந்து கெனிச்சி டகூச்சி அதே நிறுவனத்துக்கு வந்து போனார். பிற்பாடு அந்த வகை அணிகளைத் தொழிற்சாலைத் தரக்கட்டுப்பாட்டில் புகுத்திப் பேர்வாங்கினார். நான்கு காரணிகள், ஒவ்வொன்றிலும் மூன்று நிலை என்றால் எண்பத்தோரு சோதனை செய்ய வேண்டும். டகூச்சியின் எல்-9 அட்டவணை ஒன்பதில் முடித்துக் கொடுக்கும். ஒன்பது சோதனை செய்தால் போதும் என்று அவர் சொன்னார். ஒன்பதும் எதற்கு என்று நம் ஆட்கள் கேட்டார்கள். மினிடாப் மென்பொருளைத் திறந்து, போன வருடம் சீனியர் போட்ட எண்களில் தசமப் புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கத்தை மாற்றினால் தீர்ந்தது. கொல்கத்தாவிலிருந்து டோக்கியோ போய் ஊர் திரும்பிய கணக்குக்கு இங்கே கிடைத்த வரவேற்பு இது.

எண்ணை மாற்றலாம், படத்தை? எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் படத்தின் அடியில் ஒரு கறுப்புப் பட்டை இருக்கும். எத்தனை கிலோவோல்ட், எத்தனை மடங்கு பெரிதாக்கம், பெரும்பாலும் எந்தக் கம்பெனி மிஷின் என்பதுவரை அதில் பதிவாகியிருக்கும். ரீஸ் ரிச்சர்ட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவர் கூட்டாளிகளும் செய்தது மிக எளிய வேலை. பொருளறிவியல், பொறியியல் கட்டுரைகள் 11,314ஐ எடுத்தார்கள். ‘இந்த மிஷினில் படம் எடுத்தோம்’ என்று கட்டுரையில் எழுதியிருப்பதையும் படத்தின் பட்டையில் இருப்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். 2,400 கட்டுரைகளில், அதாவது நூற்றுக்கு இருபத்தொன்றில், இரண்டும் வேறு வேறு. தாங்கள் எந்த மிஷின் முன்னால் உட்கார்ந்தோம் என்றே தெரியாத விஞ்ஞானிகள்! இது உலகக் கணக்கு, நம்மூரை மட்டும் குறித்ததல்ல. நிம்மதியாக இருப்பதற்கு அந்த ஆறுதல் நமக்குப் போதாது. பட்டையைக் கத்தரித்துவிட்டுப் படத்தை மட்டும் ஒட்டுகிற தெளிவு நமக்கு முன்பே வந்துவிட்டது.

இதெல்லாம் ஏதோ சோம்பேறி வாத்தியார்கள் நாலு பேர் செய்கிற திருட்டு என்று நினைத்தால் தவறு. இது மேலிருந்து கீழே வரும் உத்தரவு. 2010இல் யுஜிசி, பேராசிரியர்களின் பதவி உயர்வுக்குப் பாயிண்ட் வைத்தது. 2016இல் மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசை வந்தது. பொறியியலில் அதன் மதிப்பெண்ணில் நூற்றுக்கு முப்பது ஆராய்ச்சிக்கு. அந்த முப்பதில் கட்டுரை, மேற்கோள், காப்புரிமை எல்லாம் அடக்கம். வகுப்பில் ஒரு பையனுக்குப் புரியும்படி வெப்ப இயக்கவியல் நடத்தினால் அது எந்தக் கலத்திலும் ஏறாது. நிர்வாகம் கணக்குப் போட்டுப் பார்த்தது. நல்ல ஆய்வகம் கட்டக் கோடி ஆகும், பேப்பருக்குச் சில ஆயிரம் இன்சென்டிவ் போதும். மாதச் சம்பளத்தைத் தள்ளித் தள்ளிக் கொடுக்கிற, அசல் சான்றிதழைப் பீரோவில் பூட்டி வைத்திருக்கிற அதே அலுவலகத்திலிருந்து, ‘இந்த செமஸ்டருக்குள் ஆளுக்கு இரண்டு ஸ்கோபஸ் பேப்பர்’ என்று சுற்றறிக்கை வரும். பூட்டிய சான்றிதழோடு ஓர் ஆள் என்ன ஆராய்வான்? விலைக்குக் கிடைக்கிறதா என்று ஆராய்வான். கிடைக்கிறது. வாட்ஸ்அப் குழுக்களில் முதல் பெயருக்கு ஒரு விலை, மூன்றாம் பெயருக்கு ஒரு விலை, ‘சீட் ஃபில்லிங் ஃபாஸ்ட்’. ஒன்பது பேர் சேர்ந்து எழுதிய கட்டுரை. அந்த ஒன்பது பேரையும் ஒரே டீக்கடையில் நிறுத்தினால் ஒருவரை ஒருவர் அடையாளம் தெரியாது.

காப்புரிமை இன்னும் சுலபம். இந்தியாவில் விண்ணப்பம் போட்டு, அதோடு ஒன்பதாம் எண் படிவத்தைக் கொடுத்துக் கட்டணம் கட்டினால் சீக்கிரமே அலுவலக இதழில் அச்சாகிவிடும். அச்சாவதற்கும் உரிமை கிடைப்பதற்கும் நடுவில் பரிசோதனை என்ற பெரிய மலை இருக்கிறது. அதில் ஏறுவதற்கு யாரும் புறப்படுவதில்லை, அடிவாரத்தில் செல்ஃபி எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். உள்ளூர்ப் பதிப்பில் மறுநாள் ‘பேராசிரியர் காப்புரிமை பெற்றார்’ என்று செய்தி. இன்னும் அவசரக்காரர்களுக்குப் பிரிட்டனில் வடிவமைப்புப் பதிவு என்று ஒன்று இருக்கிறது. படம் புதியதுதானா என்று அங்கே தேடிப் பார்க்காமலே பதிந்து சான்றிதழ் தந்துவிடுவார்கள். அதில் ராஜமுத்திரை வேறு இருக்கும். சட்டம் போட்டு மாட்ட லட்சணமாக இருக்கும்.

நடுவில் ‘உலகின் முதல் 2 சதவீத விஞ்ஞானிகள்’ என்று ஒரு பட்டியல் ஆண்டுதோறும் வருகிறது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஒருவரின் குழு ஸ்கோபஸ் தரவை வைத்துப் போடும் கணக்கு அது. தன்னைத் தானே மேற்கோள் காட்டிக்கொண்டது எவ்வளவு என்பதையும் அதே அட்டவணை தனி நிரலில் சொல்கிறது. நம் ஊரில் ஃபிளெக்ஸ் அடிக்கிற கடைக்காரர் அந்த நிரலைக் கேட்பதில்லை. மாரியம்மன் கோயில் கூழ்வார்ப்பு, வட்டச் செயலாளர் பிறந்தநாள், உலக விஞ்ஞானி: மூன்று பேனரிலும் கைகூப்பிய படம் ஒன்றேதான்.

நூறு பொருள் கண்டுபிடித்த இந்தத் துறையிடம் பக்கத்துத் தெருவுக்கு ஒரு பொருள் வேண்டும் என்று கேட்டால் என்ன ஆகும்? கோவையில் கணபதி, அரசூர்ப் பக்கம் ஃபவுண்டரி வைத்திருக்கும் பலரிடம் இந்தக் கதை வெவ்வேறு சாயலில் கிடைக்கும். பேராசிரியர் உள்ளே வருகிறார். முதலாளி எழுந்து நாற்காலி போடுகிறார்.

“சார், பம்ப் கேசிங் ஊத்தறோமுங்க. பிரஷர் டெஸ்ட்ல ஒவ்வொரு லாட்டுலயும் நாலஞ்சு சுவத்துல வேர்க்குதுங்க. மணல்ல ஈரமா, மெட்டல்ல கேஸா, ஒண்ணும் பிடிபடலீங்க. பசங்க நாலு பேத்த ஒரு மாசம் அனுப்பிச்சுப் பாக்கச் சொன்னீங்கன்னா, செலவு பூரா நாங்க ஏத்துக்கறமுங்க.”

“கிரே அயர்னுங்களா... அதுல நாவல்ட்டி கெடையாதுங்களே. கொஞ்சம் கிராஃபீன் சேத்துப் பாக்கலாமுங்களா?”

“அது கிலோ என்ன வெலைங்க?”

“கிராம் கணக்குல வாங்கோணும்.”

“டீ சாப்புடுங்க சார்.”

அந்த வார்ப்படத்தில் வேர்க்கிற தண்ணீருக்குள் இரண்டு முனைவர் பட்டத்துக்கு வேண்டிய இயற்பியல் இருக்கிறது. திரும்பத் திரும்பப் பயன்படுத்திய மணலில் செத்துப்போன களிமண் எவ்வளவு, காற்று வெளியேற இடம் இருக்கிறதா, சுவரின் கனம் மாறுகிற மூலையில் இரும்பு எப்போது உறைகிறது என்று யாராவது முகத்தில் அனல் அடிக்க நின்று பார்க்க வேண்டும். பார்த்தால் பத்து வருடமாக ஒரு ஊருக்கே ஆகிவரும் நஷ்டம் நிற்கும். ஆனால் முதல் வரிசை ‘க்யூ ஒன்’ இதழ் அதைப் போடாது. போடாதது என்ஐஆர்எஃபில் ஏறாது. ஏறாதது நடக்கவே இல்லை. பேராசிரியர் டீயைக் குடித்துவிட்டுப் புரிந்துணர்வு ஒப்பந்தம் ஒன்றை நீட்டுகிறார். பொன்னாடை, புகைப்படம். கல்லூரிக்குத் தரச்சான்று தரும் நாக் குழுவுக்குக் காட்டும் கோப்பில் ‘தொழில்துறையுடன் ஆழ்ந்த பிணைப்பு’ என்ற தலைப்பில் அந்தப் படம் இருக்கும். கேசிங் இன்னும் வேர்த்துக்கொண்டிருக்கும்.

இவர்களால் முடியாது என்று சொல்ல நான் வரவில்லை. 2024 மே 30ஆம் தேதி, சென்னை ஐஐடியில் அடைகாக்கப்பட்ட அக்னிகுல், ஒரே துண்டாக முப்பரிமாண அச்சில் எடுத்த எஞ்சினை வைத்து ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஒரு ராக்கெட்டைக் கிளப்பிக் காட்டியது. பலமுறை கடைசி நேரத்தில் நிறுத்தி, சரிபார்த்து, திரும்ப முயன்று கிளப்பினார்கள். பேராசிரியர்கள் கூடவே இருந்து செய்த வேலை அது. அந்த ஆட்களை நம் சராசரிக் கல்லூரி ஒன்றில் கொண்டுவந்து போட்டிருந்தால், முதல் வருடமே ‘பப்ளிகேஷன் கவுண்ட் நில்’ என்று மெமோ வாங்கியிருப்பார்கள்.

மெமோ வாங்காத பேராசிரியர் மே மாதத்தில் எங்கே இருப்பார் தெரியுமா? பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு தர்மபுரிப் பக்கமோ திருவண்ணாமலைப் பக்கமோ ஏதோ ஒரு கிராமத்தில், கையில் கலர் நோட்டீஸோடு வீடு வீடாக ஏறி இறங்கிக்கொண்டிருப்பார். நானோ கலவைப் பொருளில் டாக்டரேட், கையில் இத்தனை அட்மிஷன் என்று டார்கெட். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அம்மா கேட்பார்: “சார், மெக்கானிக்கல் எடுத்தா புள்ளைக்கு வேலை கெடைக்குமா?” உலகின் முதல் 2 சதவீதத்தில் ஒருவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுச் சொல்வார்: “கம்ப்யூட்டர் சயின்ஸே எடுத்துக்கங்கம்மா.” அன்றைக்கு முழுதும் அவர் பேசியதில் உண்மை அந்த ஒரு வாக்கியம்தான். அதையும் தன் துறைக்கு எதிராகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நகையை அடகு வைத்து அந்த அம்மா கட்டுகிற பணத்திலிருந்துதான் பேப்பருக்கு இன்சென்டிவும் பேனருக்குச் செலவும் போகிறது.

உண்மையில் நம் கல்லூரிகள் கண்டுபிடித்த அதிசயப் பொருள் அலுமினியத்தில் இல்லை, ஆசிரியர்களிடம் இருக்கிறது. 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் அண்ணா பல்கலைக்கழகத்தின் தளத்திலிருந்த விவரங்களை வைத்தே காட்டியது: 353 பேர், ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேரப் பேராசிரியர்கள், சம்பந்தப்பட்டவை 224 கல்லூரிகள். பத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகளில் ஒரே வேளையில் பாடம் நடத்திய மகான்களும் அதில் உண்டு. ஒரு பொருள் பல இடங்களில் ஒருசேர இருக்க முடியும் என்று சோதனைச் சாலையில் காட்ட இயற்பியலாளர்கள் பலமுறை தனிச்சுழியை ஒட்டிய குளிருக்குப் போகிறார்கள். நாம் சாதா அறை வெப்பநிலையில், ஒரு ஆதார் எண்ணை மாற்றிச் சாதித்தோம். ஆய்வுக்குழு வந்தது, கையெழுத்துப் போட்டது, சாப்பிட்டது, போனது. அலுமினியத்தில் துகள் சீராகப் பரவவில்லை என்று கட்டுரையைத் திருப்பி அனுப்பும் ரிவ்யூவரே, பேராசிரியர்கள் மாநிலம் முழுக்க எவ்வளவு சீராகப் பரவியிருக்கிறார்கள், பாருங்கள்!

கடைத்தெருவில் சரக்கு மிகுந்தால் ஒருநாள் கடை சரியும். ஹிந்தாவி என்ற பதிப்பகத்தை 2021இல் வைலி 29.8 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. 2023இல் மட்டும் அந்தப் பதிப்பகத்தின் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. கடைசியில் அந்தப் பெயரையே கைவிட்டார்கள். திரும்பியவற்றில் நம்மூர்க் கல்லூரிகளின் முகவரிகளும் இருந்தன. பேப்பர் திரும்பியது. பேப்பரைக் காட்டி வாங்கிய பட்டம் திரும்பவில்லை, பதவி உயர்வு திரும்பவில்லை, இன்சென்டிவ் திரும்பவே இல்லை. திரும்பப் பெறப்பட்ட கட்டுரையை மேற்கோள் காட்டி எழுதிய அடுத்த கட்டுரையின் கடைசி வரியில் விமானம் பத்திரமாக நிற்கிறது.

2025 தரவரிசையில் திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளுக்கு என்ஐஆர்எஃப் மதிப்பெண்ணைக் கழிக்க ஆரம்பித்தது. கழித்தல் குறியைப் பார்த்ததும் கல்லூரிகளுக்கு ஒழுக்கத்தின் மேல் திடீர்ப் பற்று வந்துவிட்டது. அறநெறிக் குழு அமையுங்கள் என்று தாளாளர் சொல்கிறார். அமைக்கிறார்கள். தலைவர் யார்? கல்லூரியிலேயே அதிகம் பேப்பர் போட்ட டீன்தான். அவரைவிட இந்த விஷயம் தெரிந்தவர் யார் இருக்கிறார்கள்? குழுவின் முதல் நடவடிக்கை, ‘ஆராய்ச்சியில் நேர்மை’ என்ற தலைப்பில் இரண்டு நாள் சர்வதேசக் கருத்தரங்கு. வெளிநாட்டுச் சிறப்புரை ஜூமில். கட்டுரைகள் வரவேற்கப்படுகின்றன; தேர்வானவை ஸ்கோபஸில் ஏறும் என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது. ஒரு கட்டுரைக்கு ஆறு பெயர் வரை அனுமதி, ஏழாவது பெயருக்குக் கட்டணம் தனி.